அக்டோபர் 2 கிராம சபை: வரத்துக் கால்வாயை விட்டுவிடாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் கிராம சபையில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும். அங்கே தீர்மானத்தில் ஏறாத வேலையை அப்புறம் சேர்ப்பது கஷ்டம். போன தடவை சிமென்ட் சாலை பேசியே நேரம் போனது. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குளத்தைத் தூர்வாரியும் தண்ணீர் வரவில்லையே, ஏன்? வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம், மதகடியில் பிளாஸ்டிக் குப்பை. கால்வாயை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, சுத்தம் செய்வது முதல் தீர்மானமாக வரட்டும். மனு டீக்கடையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். நம் ஊராட்சி 3,000 பேரைத் தாண்டியது. 200 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். பெண்கள் அவசியம் வாங்க. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பதிவேட்டில் கையெழுத்து, சரியா?