எத்தனை பேருக்குத் தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்பளத்தில் வேலை மும்முரம். செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பெரிய அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒட்டடை தெரிகிறதாம். வேறு விசேஷம் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ "டியூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்கிறாய். நீ சொல்லாவிட்டால் அம்மா என் தொடையில் கிள்ளுகிறாள். எழுதி எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான். ஆனால் படித்தும் விடுவான். தபால் வந்துசேர இருபது நாள் ஆனாலும் ஆகட்டும்.

விஷயம் இதுதான். அங்கே அமெரிக்காவில், உங்கள் அயோவாவில், இது டொர்னாடோ என்கிற சுழல்காற்றுக் காலம். நாங்கள் வந்திருந்தபோது ஒரு நாள் பட்டப்பகலில் சைரன் ஊதியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிட்டாள். மாதம் ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள், அது வெறும் சோதனை என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எங்களை மேலே கூட்டிவந்தார். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்துதான் வாட்சுக்கும் வார்னிங்குக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார். வாட்ச் என்றால் வரக்கூடும், கண்ணை வானத்தில் வை. வார்னிங் என்றால் வந்துவிட்டது, கண்ணால் பார்த்திருக்கிறார்கள் அல்லது ரேடாரில் தெரிந்துவிட்டது, உடனே கீழே இறங்கு. நான் மறக்கவில்லை. நல்லாப் பொறுமையாகச் சொல்லுவார்.

வீட்டுக்குள் தூங்குகிறவர்களை எழுப்ப அந்த சைரனை நம்பக் கூடாது, அது வெளியில் இருப்பவர்களுக்கு என்றும் அவர்தான் சொன்னார். ராத்திரியில் உன்னை எழுப்ப வீட்டுக்குள் ஒன்று வேண்டும். பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோ ஒன்று சமையல்கட்டு ஜன்னலில் இருந்ததே, அது இருக்கிறதா? போன மாதம் வீடியோவில் நீ அந்த ஜன்னல் பக்கம் நின்று பேசினாய். நான் பார்த்த மட்டில் அங்கே காணோம். கதவோரம் மாட்டியிருக்கும் கோட்டுகளிலும் ஒன்றைத்தான் பார்த்தேன். குளிர் விட்டுவிட்டதால் உள்ளே எடுத்து வைத்திருப்பீர்கள்.

ரேடியோ இல்லை என்றால் ஒன்று வாங்கு.

முக்கியமாக, படுக்கைக்குப் பக்கத்தில் ஷூ வைத்துக்கொள். பேஸ்மென்ட்டிலும் பழைய ஷூ ஒரு ஜோடி போட்டு வை. காற்று போன பிறகும் ஆபத்து இருக்கிறது. கண்ணாடி, ஆணி, தகரம் எல்லாம் காலுக்கடியில் கிடக்கும். கஜா புயலுக்கு மறுநாள் விடியலில் வெறுங்காலோடு இறங்கி ஓட்டுச்சில்லை மிதித்தவன் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்குச் சொந்தக் கிணறு, அதற்கு மோட்டார். கரண்டு போனால் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது, எனக்குப் புரியும். அதே பேஸ்மென்ட்டில் ஊற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டும் பம்ப்பும் கரண்டில்தான் ஓடுகிறது. ஆக, கரண்டு போனால் மேலே குடிக்கத் தண்ணீர் இருக்காது, கீழே வேண்டாத தண்ணீர் ஏறும். அந்தப் பம்ப்புக்குத் தனி பேட்டரி வைக்கவேண்டும் என்று அப்போதே பேச்சு நடந்தது. வைத்தாயிற்றா?

குடிக்க, புழங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட நாலு லிட்டர், என்று கணக்கு. வீட்டைவிட்டுக் கிளம்புவதானால் மூன்று நாளைக்கு, வீட்டிலேயே இருப்பதானால் இரண்டு வாரத்துக்கு. இரண்டு பேர் என்றால் 28 காலன். ஒரு ஆள் என்றால் 14. எதற்கும் இரண்டையும் எழுதிவிட்டேன். கணக்கை நீ பார்த்துக்கொள்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருக்காதே. மழை பெய்கிறது என்று அதைக் காரேஜுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. வீட்டைவிட்டு இருபது அடியாவது தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம் வைக்கணும். அந்தப் புகையில் வரும் விஷவாயுவுக்கு நெடியும் கிடையாது, நிறமும் கிடையாது. டாக்டருக்கே பாடம் எடுக்கிறேனா? எடுப்பேன். நம்ம ஊர் மாவட்டம் மாதிரி அந்தக் கவுண்டி முழுவதற்கும் இருபத்தைந்து படுக்கையோடு ஒரே ஆஸ்பத்திரி, அதில் நம் பாப்பாதான் டாக்டர் என்று கடைத்தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் அதனால்தான் கவலை. நாளைக்கு ஊருக்கே ஆபத்து என்றால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீ போய்விடுவாய். அப்போது வீட்டில் யார் இருப்பார்கள்? பம்ப்பை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று. வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது, அதற்குத் தனியாக எடுக்கணும், எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும் என்று மாப்பிள்ளை சொன்னார். எடுத்தாரா? பாலிசி யார் பெயரில் இருக்கிறது? வீடு யார் பெயரில் இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். காகிதங்களையெல்லாம் நனையாத பையில் போட்டு ஒரே இடத்தில் வை. உன்னுடையதைத் தனியாக வை.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி உங்கள் அயோவாவில் டெரேச்சோ என்று நேர்கோட்டில் அடிக்கிற பெருங்காற்று வந்ததே, அன்றைக்கு ராத்திரி நீ என்ன சொன்னாய்? "கொஞ்சம் காத்துப்பா, ஒண்ணுமில்ல." அந்தக் கொஞ்சம் காற்று சீடர் ராப்பிட்ஸ் பக்கம் மணிக்கு 140 மைல் வேகத்தில் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. நம்ம கணக்கில் 225 கிலோமீட்டர். மக்காச்சோளம் முழுக்கப் பாய் விரித்தமாதிரி படுத்துக் கிடந்த படத்தை எதிர்வீட்டுப் பையன்தான் காட்டினான். ஒன்பது நாள் கரண்டு இல்லாமல் இருந்திருக்கிறாய். காரில் உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு எங்களிடம் சாம்பாருக்குப் பக்குவம் கேட்டிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்றவனிடம் மறைக்கிறாளே, யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாப்பா, அந்தக் கையைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டும்.

கஜா வந்தது 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் பதினாறு. நீ சிகாகோவில் படிப்பின் கடைசி வருஷம். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கே அம்மா ரேஷன் கார்டு, பத்திரம், உன் பள்ளிக்கூட சர்டிபிகேட், இரண்டு புடவை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்து முகாமுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். அது இரண்டு தடவை நம் வாசலில் நின்றது. நான் போகவில்லை. எழுபத்தேழு புயலையே இந்த வீட்டில் இருந்து பார்த்தவன், இது என்ன என்றேன். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். ஜாதிக்காய்ப் பெட்டிமாதிரி பள்ளிக்கூடத்தில் ஊரோடு நெருக்கிக்கொண்டு படுக்க எனக்குக் கௌரவக் குறைச்சல், அதுதான் உண்மை.

நடுராத்திரிக்கு மேல் ஓடு பறந்தது. அப்புறம் ஒரு சமயம் காற்று சட்டென்று நின்றது. புயலின் கண் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கொல்லைக் கதவை அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் எதிர்த்திசையில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே வரவேண்டுமே என்று அவள் கதவை விடாமல் பிடித்திருக்கிறாள். பலாக் கதவு, உனக்குத் தெரியுமே. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. சுள்ளி ஒடிகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

ரோடு முழுக்க மரமும் கம்பமும். ஐந்து நாள் மூங்கில் பத்தையை வைத்துத் துண்டால் கட்டியிருந்தோம். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. ஆறாம் நாள் யாரோ வாடகைக்கு ஓட்டிய ஜெனரேட்டரில் போனுக்கு சார்ஜ் ஏற்றி உன்னிடம் பேசினேன். "ஓடு நாலு போச்சு, அவ்வளவுதான், நீ படிப்பைப் பார்" என்றேன். பக்கத்தில் அம்மா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நீங்கள் ஊருக்கு வந்தபோது, "ஏம்மா குடத்தை இடது கையால தூக்குறே" என்று கேட்டாய். வாதம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டரிடம் சொல்கிற பொய்யா அது! நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை "நாங்க நல்லா இருக்கோம்பா" என்றாய். நாங்க என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது. நாலு ஓடு போச்சு என்று சொல்லும்போது நானும் அப்படித்தான் நின்றேன்.

நான் எதையும் கேட்கவில்லை. திட்டவும் மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று முகாமுக்குப் போகாமல் இருந்தவன்தான் நான், இனி அந்தப் பேச்சு என் வாயில் வராது. உன் அறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தோம். போன வாரம் எடுத்துவிட்டு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். எலித் தொல்லைக்காகத்தான்.

ஷூவை மறந்துவிடாதே. படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, பேஸ்மென்ட்டில் ஒன்று.

எத்தனை காலன் தண்ணீர் வாங்கினாய் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை நீ பேசுகிற நேரத்துக்கு நான் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா