அந்த முடியைச் சமப்படுத்த வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். முன்நெற்றியில் வலது பக்கம் ஒரு கொத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஏதோ சாதித்த மாதிரி சிரிக்கிறாள் குட்டி. போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மறுபக்கத்தையும் வெட்டிச் சமப்படுத்துகிறேன் என்று மாப்பிள்ளை நிற்கிறாராமே, முதலில் அந்த ட்ரிம்மரை வாங்கி பீரோவில் வை. குழந்தை வெட்டியது ஒரே வெட்டு. அதைச் சரிசெய்கிறேன் என்று பெரியவர்கள் இறங்கும்போதுதான் தலை முழுசாகக் கெடும். இடது பக்கம் கொஞ்சம், அது ஏறிவிட்டது என்று வலது பக்கம் கொஞ்சம் என்று போய், கடைசியில் வெட்ட முடியே இருக்காது. 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடிக்கிடந்தபோது, சீப்பு மாட்டாமல் மிஷினை ஓட்டித் தன் பின்னந்தலையிலேயே ரோடு போட்டுக்கொண்டவர் அவர். நாலு வயதுப் பிள்ளை ஆடுகிற ஆட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

வெட்டியே ஆகவேண்டும் என்றால் சலூனுக்குக் கூட்டிப் போ. வீட்டில் தலையை நனைத்து வெட்டாதே. ஈரத்தில் முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். குட்டிக்குச் சுருட்டை வேறு. உச்சியில் இரட்டைச் சுழி இருப்பதையும் மறக்காதே (இரண்டு கல்யாணம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே). சுழிப் பக்கம் குட்டையாக வெட்டினால் முடி படியாமல் குத்திட்டு நிற்கும். இப்போதைக்கு வகிட்டைப் பக்கவாட்டில் எடுத்து, ஹேர் பேண்ட் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பு, போதும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இது ஆடி, தீபாவளிக்குள் ஓரளவு மூடிவிடும்.

ஒரேயடியாக மொட்டை போட்டுவிட்டால் அடர்த்தியாக வரும் என்று உன் மாமியார் சொல்கிறார் என்றாய். நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள். அடர்த்திக்காக வேண்டாம். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி படுவது வெளியே இருப்பதில் மட்டும்தான். மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது திண்ணென்று தெரியும், அவ்வளவுதான். இதை அவரிடம் நீ சொல்லாதே, மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்.

குழந்தையை அடித்தாயாமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நான்கு வயதில்தான் கத்தரிக்கோல் கைக்குப் படிய ஆரம்பிக்கும். காகிதம் வெட்டப் பழகிய கை அடுத்து முடிக்குத்தான் போகும். வெட்டியது மறுபடி ஒட்டாது என்பதெல்லாம் அந்த வயதுக்குத் தெரியாது.

நீ மட்டும் என்ன? தம்பிக்குக் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை என்று நேர்ந்து, மூன்று வயதுவரை கத்தி படாமல் வளர்த்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடியெடுத்துக் காது குத்த நாள் குறித்து, சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அப்பாவின் மீசைக் கத்தரியை எடுத்து, தம்பியைக் கட்டிலுக்கடியில் உட்கார வைத்து, பின்னந்தலையைக் காலி பண்ணிவிட்டாய். சாமிக்கு நேர்ந்த முடி! அப்பா பெல்ட்டைத் தேடினார். அப்பத்தாதான் உன்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். சிதறிய முடியைப் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, "சாமிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்குது புள்ள" என்றார். கோயிலில் மற்ற முடியோடு அதையும் சேர்த்துக் கொடுத்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், கத்தரிக்கோலைப் பிடுங்கி ஒளித்து வைக்காதே. உன் தையல் கத்தரியை மட்டும் எட்டாத உயரத்தில் வை. முனை மழுங்கின பிள்ளைக் கத்தரி ஒன்று வாங்கிக் கொடுத்து, பழைய பேப்பரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார். பொம்மைத் தலையை வெட்டினால் போகட்டும், விடு.

தீபாவளிக்குத் தம்பியும் வருகிறான். குட்டியைப் பார்த்ததும் உன்னை வம்புக்கு இழுப்பான். நீ பதிலுக்குச் சண்டைக்குப் போகாதே.

அன்புடன்,
அம்மா