ஃபின்ஸுக்குள் போடும் சாக்ஸ்: வாங்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரிலிருந்து வணக்கம்.

கச்சான் காற்று ஓய்ந்து தென்கடல் தெளியத் தொடங்கிவிட்டால் கடலில் நீந்தக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸோடு கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: “ஃபின்ஸ் கால்ல நிக்க மாட்டேங்குது, தடிமனா ஒரு சாக்ஸ் குடுங்க.” போன வருடம் வரை நாங்களும் கேட்டபடியே கொடுத்தோம். செருப்பு நம்பரைப் போனில் கேட்டுக்கொண்டு, 5 மி.மீ. நியோபிரீன் ரப்பர் சாக்ஸைக் கூரியரில்கூட அனுப்பினோம். பல ஜோடி திரும்பி வந்தன. பாம்பன் தீவின் குந்துகால் பக்கம் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் தம்பி ஒருவர் குதிகால் தோல் உரிந்து, நொண்டிக்கொண்டே வந்தார். அந்த சாக்ஸை அவருக்கு விற்றது நாங்கள்தான். அன்றிலிருந்து காலைப் பார்க்காமல் சாக்ஸ் விற்பதில்லை என்று முடிவு செய்தோம். ஏன் என்று உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

காஷ்மீரில் குல்மார்க் போன்ற இடங்களில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போடும் பூட்ஸில் இரண்டு பாகம் உண்டு. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தென்ற உறை. உள்ளுறையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னால் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓடே பெரிதாக இருந்தால் எந்த உறையும் அதைச் சரிசெய்யாது. நமக்கும் இதே கதைதான்: ஃபின்ஸ்தான் ஓடு, சாக்ஸ்தான் உறை.

ஆகவே முதலில் சாக்ஸ் இல்லாமல், ஈரக்காலோடு ஃபின்ஸை மாட்டுங்கள். காலை முன்னால் தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் 2 அல்லது 3 மி.மீ. சாக்ஸ் போதும். கட்டைவிரல் தாராளமாகப் போய் வந்தால் அந்த ஃபின்ஸே உங்களுக்குப் பெரிது. ஒரு சைஸ் சின்னதாக மாற்றுங்கள். அந்த இடத்தைத் தடிமனான சாக்ஸால் அடைத்தால் புறங்கால் நசுங்கும், விரல் மரத்துப்போகும், குதிகால் மட்டும் அப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். 5 மி.மீ. சாக்ஸ் பாதத்தின் இரு பக்கமும் சேர்த்து 10 மி.மீ. அகலத்தைக் கூட்டுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிடி கிடைக்க வேண்டிய இடம் குதிகாலும் கணுக்காலும். முன்னால் விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும்.

கடையில் இறுக்கமாக இருந்த சாக்ஸ் தண்ணீருக்குள் தளர்கிறதே என்று முத்துக்குளிப்பதுபோல ஆழம் போகிறவர்கள் கேட்பார்கள். நியோபிரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைத்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. குமிழி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், சாக்ஸும் மெலியும். கரையோரம் இரண்டு ஆள் ஆழத்துக்குள் மிதக்கிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அவர்களுக்கு எதிரி மணல். கணுக்கால் வாய் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் தண்ணீரோடு மணலும் உள்ளே போகும். அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

அளவெடுக்க சாயங்காலம் வாருங்கள். நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் சென்டிமீட்டரில் அளப்போம், பெரிய காலுக்குத்தான் சைஸ். நகத்தை வெட்டிக்கொண்டு வந்தால் நல்லது. மாட்டும்போது இழுத்துக் கிழிக்க வேண்டாம்: காலில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் பையை உருவிவிடலாம்.

பனிச்சறுக்கு உறைகளில் சிலவற்றைச் சூடாக்கிக் காலுக்கேற்ப வடிவமைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் சாக்ஸில் வெந்நீர் ஊற்றியவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்; ஒட்டுப்பசைதான் விட்டுப்போகும். நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப்போடுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்களிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறோம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் “வலிக்கவில்லை” என்பதை நம்பி சைஸ் எடுக்காதீர்கள். பத்து நிமிடம் போட்டு நடந்துவிட்டுக் கழற்றி, தோலில் சிவப்புத் தடம் விழுந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு யாரும் இல்லையென்றால் நாங்கள் பார்க்கிறோம், கூச்சம் வேண்டாம்.

மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனின் முள்ளை எந்த சாக்ஸும் தடுக்காது. ஆழமில்லாத இடத்தில் காலை எடுத்து வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடங்கள். கால் மூடியிருக்கிறதே என்று பவளப்பாறை மேல் ஏறி நிற்கவும் வேண்டாம், பவளம் உயிருள்ளது.

வரும்போது ஃபின்ஸோடு பழைய சாக்ஸையும் எடுத்து வாருங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.