அரை யூனிற்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மச்சான்,

நீ கொடுத்துவிட்ட ஊசிப் பெட்டி இரண்டும் வெள்ளிக்கிழமை கைக்கு வந்து சேர்ந்தன. உன் மச்சாள் அவற்றைச் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "பூனைக்கோ?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஓம் என்றேன். நாலாம் தரம் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கொழும்பு வந்து முதல் கேட்ட புதினம் இதுவாகத்தான் இருக்கும்.

0.3 மில்லிலீற்றர் இன்சுலின் ஊசி. ஒவ்வொரு யூனிற்றுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கோடு. அந்தக் கோட்டைத் தேடித்தான் காலி வீதியில் ஒரு பாமசி விடாமல் ஏறி இறங்கினேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு மில்லிலீற்றர் ஊசி. அதில் கோட்டுக்குக் கோடு இரண்டு யூனிற். மனிசருக்கு அது போதும். எங்கள் பூனை விதானையாருக்குப் போதாது.

போனில் உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

மாசி மாதமளவில் அவர் தண்ணீர் குடிக்கிற விதம் மாறிவிட்டது. தன் கோப்பை போதாமல் குளியலறை வாளிக்குள் தலையை விட்டுக் குடித்தார். மணல் தட்டில் மூத்திரக் கட்டிகள் தேங்காய்ப் பாதியளவு. சாப்பாடு வழமையைவிடக் கூட, உடம்போ இறங்குகிறது. ஆறரைக் கிலோவாக இருந்த மனிதர் ஐந்துக்கு வந்துவிட்டார். பிறகு ஒருநாள் யன்னல் கட்டுக்குத் தாவப் பார்த்துத் தவறி விழுந்தார். நடக்கும்போது பின்னங்கால் குதி நிலத்தில் படுகிறது, முயல் நடப்பதுபோல. வயது போய்விட்டது என்று மனிசி சொன்னாள். அதைத்தான் நானும் நம்ப விரும்பினேன்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 412 மில்லிகிராம். (நீ 18ஆல் வகுத்துப் பார், உங்கள் கனடாக் கணக்கு வரும்.) பூனை பயந்தாலே சீனி ஏறிவிடுமாம். அதனால் அந்த ஒரு இலக்கத்தை நம்பாமல் மூத்திரத்திலும் பார்த்து, இரண்டு கிழமைச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு இரத்தப் பரிசோதனையும் செய்துதான் சீனி வருத்தம் என்று முடிவாகச் சொன்னார். நலமடித்த, கொழுத்த, வயதான கடுவனுக்கு இது வருவது புதினமில்லையாம். விதானையாருக்கு மூன்று தகுதியும் உண்டு. குதி நிலத்தில் படுவதும் இதனால்தான், நரம்பைத் தாக்கியிருக்கிறது. சீனி கட்டுக்குள் வந்தால் திரும்பலாம் என்றார்.

கிளார்ஜின் இன்சுலின், காலை ஒரு யூனிற், மாலை ஒரு யூனிற், பன்னிரண்டு மணி இடைவெளி. சோறு கட்டாயம் நிறுத்த வேண்டும். "ஒரு கிழமைக்கு அளவில் கை வைக்காதீங்கோ. கூட்டுறதென்றாலும் அரை யூனிற்தான் கூட்டுறது, அதுவும் என்னைக் கேட்டு" என்று தாளிலும் எழுதித் தந்தார்.

கை வைத்தேன்.

எங்கள் அப்பாவை உனக்குத் தெரியும்தானே. கலியாண வீட்டுக்குப் போய்ப் பாயசம் குடித்தால் அன்றிரவு நாலு யூனிற் கூடப் போடுவார். இரவுச் சாப்பாடு இடியப்பம் இரண்டுதான் என்றால் குறைப்பார். "எனக்கு என்ர உடம்பு தெரியாதோ" என்பார். பதினைந்து வருடம் அதைப் பார்த்து வளர்ந்த கை இது. நாலாம் நாள் விடிய, சீனி பார்க்கிற மீற்றரில் 380. ஒரு யூனிற் என்னத்துக்குக் காணும் என்று இரண்டாக்கினேன். ஆறாம் நாள் 365. மூன்றாக்கினேன். சோற்றை நிறுத்தியதும் அதே கிழமைதான். மாச்சத்து குறைந்தாலே பூனையின் சீனி தானாக இறங்கும், இன்சுலின் தேவையும் குறையும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு பக்கம் அடுப்பை அணைத்துவிட்டு மறுபக்கம் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் பதினொரு மணியிருக்கும். கூப்பிட்டால் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, கண்மணி இரண்டும் விரிந்து, வாயோரம் எச்சில். தூக்கினால் கால் துணி மாதிரித் தொங்குகிறது. மீற்றர் 43 என்றது. மனிசி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. குசினிக்கு ஓடிக் கித்துள் பாணிப் போத்தலை எடுத்துவந்து விரலில் தொட்டுப் பல் முரசில் தேய்த்தாள். நான் கரண்டியால் ஊற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். அது சரியென்று பிறகு டொக்டரும் சொன்னார்: விழுங்க முடியாத நேரத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆட்டோவில் துவாயில் சுற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே போனோம். அன்று பின்னேரம்வரை அவருக்குச் சேலைன் ஏறியது. என் சேர்ட் கையில் பாணிக் கறை இன்னும் இருக்கிறது.

டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஊசிக்கு முந்தின இலக்கம். இடையில எவ்வளவுக்கு இறங்கினது என்று எங்கே?" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊசி போட்டபின் சீனி மெல்ல இறங்கி, எங்கோ ஒரு அடியைத் தொட்டு, திரும்ப ஏறும். அளவு சரியா பிழையா என்பதை அந்த அடிதான் சொல்லும், காலையில் தெரிகிற உச்சி சொல்லாது. சிலவேளை அடி மிகக் கீழே போனால் உடம்பு பயந்து ஈரலில் சேர்த்து வைத்த சீனியைக் கொட்டும். அடுத்த நாள் விடிய இலக்கம் உயரத்தில் நிற்கும். அதைப் பார்த்து இன்னும் கூட்டுகிற என்னைப் போன்றவர்கள் பூனையைக் கொன்றுவிடுவார்கள். முப்பது வருடம் வங்கியில் பேரேடு எழுதினவன் நான், மச்சான். தொடக்க மீதியை மட்டும் பார்த்து ஒரு கணக்கை மூடியிருக்கிறேனா?

திரும்ப ஒரு யூனிற்றில் தொடங்கினோம். பத்து நாள் கழித்து ஒரு முழுப் பகல் இரண்டு மணிக்கு ஒருக்கால் பார்த்தோம். ஆறு மணிக்கு 318. எட்டுக்கு 262, பத்துக்கு 187, பன்னிரண்டுக்கு 134, இரண்டுக்கு 121, நாலுக்கு 178, ஆறுக்கு 256. அடி 121. டொக்டர் எதிர்பார்ப்பது 80க்கும் 150க்கும் இடையில் ஒரு அடி. "அப்படியே விடுங்கோ" என்றார். 318ஐப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு கஷ்டம் இல்லை, நான் சொல்கிறேன்.

இரத்தம் எடுப்பது மனிசியின் வேலை. சுடுதண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்து காதை ஒரு நிமிடம் பொத்திப் பிடிப்பாள். பிறகு காதின் ஓரத்தில் வசிலீன் ஒரு பொட்டு, இல்லாவிட்டால் இரத்தம் மயிருக்குள் ஊறிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரமாக ஒரு நூல் நரம்பு தெரியும். காதின் மறுபக்கம் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு குத்து. கடுகளவில் ஒரு துளி. மீற்றர்த் தாளை அதில் தொட்டால் போதும். விதானையார் இப்போது எழும்பக்கூட மாட்டார், முடிந்ததும் அவித்த மீன் ஒரு துண்டு வரும் என்று தெரியும். இன்னொன்று, மனிசருக்கான மீற்றர் பூனை இரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டுமாம். ஆனபடியால் எப்போதும் ஒரே மீற்றரில் பார்க்கச் சொன்னார். வேறு வேறு மீற்றர் மாற்றினால் கொப்பியில் எழுதுவதற்கே அர்த்தமில்லை.

போன மாதம் அடி 74க்கு வந்தது. அதற்கடுத்த தரம் 68. அரை யூனிற்றாகக் குறைக்க வேண்டும், என் ஊசியில் அரை இல்லை. நான் ஒரு புத்திசாலித்தனம் கண்டுபிடித்தேன்: இன்சுலினைச் சேலைனில் பாதிக்குப் பாதி கலந்துவிட்டால்? நல்ல காலம், இந்தமுறை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று தோன்றியது. கிளார்ஜினில் எதையும் கலக்கவே கூடாதாம். அது புளிப்புத் தன்மையுள்ள கரைசல். தோலுக்குக் கீழே போனதும் உடம்பின் தன்மையால் மண்டி மாதிரி உறைந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் நீண்ட நேரம் வேலை செய்கிறது. வெளியிலேயே கலந்தால் அந்தத் தன்மை குழம்பிவிடும். அன்று இரவுதான் உனக்குப் போன் எடுத்தேன்.

உன் ஊசி வந்த முதல் நாளே ஒரு கூத்து. கோட்டைப் பார்ப்பதில் கவனம், அவர் உதறியதைக் கவனிக்கவில்லை. மயிர் நனைந்திருந்தது, மோந்தால் பிளாஸ்டர் மணம். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது, ஆருக்குத் தெரியும்? அப்படியான நேரத்தில் திரும்பப் போடக்கூடாது. ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது, இரட்டித்தால்தான் ஆபத்து. சாப்பிடாத நாளிலும் வழமையான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது, முதலில் டொக்டருக்குப் போன். இரண்டையும் பிறிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பிறிட்ஜைப் பார்த்தால் 2022தான் ஞாபகம் வருகிறது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள்களில் அப்பாவின் இன்சுலினை மண்பானைக்குள் வைத்து, அதை ஈர மணலில் புதைத்து வைத்தோமே, நீ கூடப் படம் கேட்டாய். அந்தப் பானையை மனிசி எறியவில்லை. பல்கணியில் கற்பூரவள்ளி நிற்கிறது அதில்.

ஊசிப் பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் நினைத்தேன். 1921இல் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைத் தேடி நாய்களை வைத்துப் பரிசோதனை செய்தது உன் ரொறன்ரோவில்தானே. அடுத்த ஜனவரியில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி. அது சரிவரவில்லை, மருந்தில் அழுக்கு அதிகம். சுத்தப்படுத்தி இரண்டு கிழமைக்குள் திரும்பப் போட்டார்கள், சீனி இறங்கியது. நூறு வருடத்துக்குப் பிறகு அதே ஊரிலிருந்து ஒரு வெள்ளவத்தைப் பூனைக்கு ஊசி வருகிறது.

சில பூனைகளுக்கு இன்சுலினே தேவையில்லாமல் போவதும் உண்டாம், நேரத்தோடு தொடங்கிச் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தினால். டொக்டர் அதைச் சொல்லிவிட்டு, "நம்பிக்கொண்டு இருக்காதீங்கோ" என்றும் சொன்னார். நேற்று யன்னல் கட்டில் ஏறியிருந்தார். குதி இன்னும் கொஞ்சம் படுகிறது.

சரி, என் கதை போதும். உன் கடிதத்தின் கடைசியில் "எனக்கும் கொஞ்சம் சீனி இருக்காம், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பனி தள்ளுகிற கதைக்குத் தாவிவிட்டாய். கொஞ்சம் என்றால் எவ்வளவு? மூன்று மாதச் சராசரி எத்தனை? குளிசை தந்தார்களா? தந்ததை நீ ஒழுங்காகப் போடுகிறாயா, அல்லது எங்கள் அப்பா மாதிரியா? பதிலில் இலக்கத்தோடு எழுது. எனக்கு இப்போது கொப்பி வாசிக்கத் தெரியும்.

உன்ர,
பின் வாங்குக் கூட்டாளி