டிவிடெண்ட் பட்டியலில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிக டிவிடெண்ட் (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் தொகை) தரும் பங்குகளின் பட்டியலைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். பத்து, இருபது ஆண்டு வைத்திருக்க நினைப்பவர் அதை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாந்துபோவார் என்பதால் இதை எழுதுகிறேன்.

'1,000% டிவிடெண்ட்' என்பது முகமதிப்பின், அதாவது சந்தை விலை அல்லாமல் நிறுவனம் பங்குக்குக் குறித்த மதிப்பின், மீதான கணக்கு. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கைக்கு வருவது 10 ரூபாய். சந்தை விலை 2,000 ரூபாய் என்றால் அது அரை சதவிகிதம்தான். சந்தை விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவிகிதம் என்று சொல்லும் இந்த யீல்டைப் பார்த்தாலும் ஆபத்து உண்டு. டிவிடெண்ட் மாறாமல் பங்கின் விலை மட்டும் பாதியாகச் சரிந்தால் யீல்டு இரண்டு மடங்காகிவிடும்; நொடித்துப்போகும் நிறுவனம் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். சொத்தை விற்று ஒருமுறை தந்த சிறப்பு டிவிடெண்டும் இப்படித்தான் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது வரி. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் முழுவதும் வாங்குபவரின் வருமானத்தில் சேர்கிறது. 30% வரம்பில் இருப்பவருக்கு 10,000 ரூபாயில் செஸ் எனும் கூடுதல் வரியோடு 3,120 ரூபாய் போய்விடும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கில் அதே தொகைக்கு விற்றால் லாபத்துக்கு மட்டுமே வரி. அதிலும் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு, அதற்குமேல் 12.5%. டிவிடெண்டை வாங்கி மறுபடியும் பங்கிலேயே போடுபவருக்கு இது வருடா வருடம் நஷ்டம்.

அதற்காக, லாபத்தை நிறுவனமே வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. மூலதனத்தில் 20% ஈட்டி, விரிவாக்கவும் இடமிருக்கும் நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும். வங்கி வட்டிக்குப் பணத்தைத் தேக்கி வைப்பவர்கள் கொடுத்துவிடுவதே நியாயம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் 1967-க்குப் பிறகு டிவிடெண்டே தரவில்லை. ஆனால் 130 கோடி டாலருக்கு வாங்கிய கோகோ கோலா பங்குகளிலிருந்து 1994-இல் 7.5 கோடி டாலரும், 2022-இல் 70.4 கோடி டாலரும் டிவிடெண்டாகப் பெற்றது.

ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறந்து, தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து ஆலை, இயந்திரம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவைக் கழியுங்கள். மிச்சம் டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்து, அதே ஆண்டு கடனும் கூடியிருந்தால், கடன் வாங்கித்தான் கொடுக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு இதைப் பார்த்தால் தெளிவாகிவிடும். அடுத்த பட்டியலில் இந்தக் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் அதோடு வரட்டும். பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டு பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் புது வங்கிக் கணக்கைப் பதியாமல் விடுபவர்கள் பலர். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் பெறப்படாமல் கிடந்தால், பணம் மட்டுமல்ல, அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு (ஐஇபிஎஃப்) போய்விடும். மீட்க ஐஇபிஎஃப்-5 படிவத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்