ஜூன் 15-ஐ முன்வைத்து: பாக் விரிகுடா விசைப்படகுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடியக்கரை தொடங்கி இராமேஸ்வரம் வரையுள்ள விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் தலைவர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

படகுகள் கரையேறி, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடித்து, சாயம் காய நிற்கும் நாட்களில் இந்த மடலை எழுதுகிறேன். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுவதும் மீன்பிடித் தடைக்காலமாக விசைப்படகுகள் கட்டிப்போடப்பட்டிருக்கும் 61 நாட்கள் சரியா, அவற்றை ஐப்பசி, கார்த்திகைக்கு மாற்ற வேண்டுமா, நிவாரணத்தைக் கூட்ட வேண்டுமா என்பவையெல்லாம் நீங்கள் அரசிடம் கேட்பவை, தொடர்ந்து கேளுங்கள். நான் எழுத வந்தது தடைக்காலம் முடிந்த பிறகு வரும் முதல் இரண்டு வாரங்களைப் பற்றி மட்டுமே. அது அரசிடம் கேட்க வேண்டியதன்று, நமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டியது என்பதால்தான் இம்மடலை மீன்வளத் துறைக்கு அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நாட்டுப்படகுக்காரர் ஒருவரின் மகன். இளம் வயதில் விசைப்படகில் ஆளாகச் சில ஆண்டுகள் போனேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் ஏலக்கூடத்தில் கணக்கெழுத உட்கார்ந்தேன். ஆகவே இழுவை வலையான மடி படகின் தளத்தில் கொட்டப்படும்போது என்ன விழுகிறது என்பதையும், அது கரைக்கு வந்ததும் எத்தனை குவியலாகப் பிரிகிறது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஏற்ற வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டியவன் நானே; அந்தக் குவியல்களை நிறுத்துக் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

தடை முடிந்த முதல் பாட்டில், அதாவது முதல் முறை கடலுக்குப் போனதில், வந்த மீன் கொட்டப்படும் விடிகாலையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பெட்டிகளில் நல்ல இறால் ஏறும், கணவாய் ஏறும், நண்டு தனியாகப் போகும். அதற்குப் பிறகு தளத்தின் ஓரத்தில் மண்வாரியால் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் குவியல்தான் சங்காயம். ஒருமுறை அந்தக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளக் காரல்கள், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் கிழங்கான் குஞ்சுகள், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய நண்டுகள், நகக்கண் அளவே உள்ள கணவாய். இவற்றில் எதுவும் கெட்ட மீனன்று. எல்லாம் விலைபோகும் இனங்களின் பிள்ளைகளே. அவை கருவாட்டுக் களத்தில் மணலோடு மணலாகக் காய்ந்து, கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் கிலோக் கணக்கில் போகின்றன. அன்றைய பக்கத்தில் இறாலுக்கு ஒரு வரி எழுதினேன். சங்காயத்துக்கு நான்கு வரி.

தடைக்காலம் நம் மாநிலத்தில் 2001-இல் 45 நாட்களாக வந்தது, 2017-இல் 61 நாட்களாக நீண்டது. மீன் முட்டையிடும் பருவம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டாலும், நம் வெப்பக் கடலில் ஆண்டு முழுவதும் முட்டையிடும் இனங்கள் பல உண்டு என்பது கடல் தெரிந்தவர்களுக்குப் புதிதன்று. எனவே இந்த இரண்டு மாதங்களின் உண்மையான பயன் முட்டையைக் காப்பதைவிட, ஏற்கெனவே பிறந்தவை வளர இடைவெளி விடுவதுதான் என்று நான் கருதுகிறேன். இறாலின் வாழ்நாளே ஏறத்தாழ ஓராண்டுதான். சில வார வளர்ச்சியிலேயே அது, கிலோவுக்கு எத்தனை என்று பார்க்கும் எண்ணிக்கைத் தரத்தில் அடுத்த படிக்கு, அதாவது அடுத்த விலைக்கு ஏறிவிடும். 61 நாள் பொறுத்துவிட்டு, பிறகு எல்லாப் படகும் ஒரே விடியலில் ஒரே கடலில் இறங்கினால், அந்தப் பொறுமையின் வட்டியை மட்டுமன்றி முதலையும் சேர்த்து ஒரு வாரத்தில் செலவழித்துவிடுகிறோம்.

அதிலும் நம் கடல் சிறிய கடல். சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரை வரைபடத்தில் தாங்கியிருக்கும் இந்த விரிகுடா நமக்கு எப்போதும் வடகடல்தான். பெரும்பாலான இடங்களில் இதன் ஆழம் 10 மீட்டரைச் சுற்றியே இருக்கிறது. மற்றக் கடல்களில் கரையில் துரத்தினால் மீன் ஆழத்துக்குப் போய் ஒளியும். இங்கே ஒளிய ஆழமில்லை, மடி எட்டாத அடித்தரை என்று அதிகம் இல்லை. சேறும், நாம் தாழை என்று சொல்லும் கடற்புல்லும்தான் குஞ்சுகளுக்கு உள்ள பெரிய மறைவு. அந்தத் தாழையை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவைக் காப்பாற்றப் போட்ட வேலி என்று நம்மில் சிலர் அதை முறைத்துப் பார்க்கிறோம். அதே தாழைக்குள்தான் நாளைய நம் நண்டும் இறாலும் இருக்கின்றன.

இந்த இடத்தில் என் தந்தை காலத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பாம்பனுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது வள்ளங்களைக் கால்வாய் வழியாகத் தென்கடலுக்குக் கொண்டுபோய், அந்தக் கரையில் ஓலைக்குடிசை போட்டுத் தங்குவோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்து தென்கடல் சீறும்போது குடிசையைப் பிரித்துக்கொண்டு வடகடலுக்குத் திரும்புவோம். சட்டம் எதுவும் எழுதாமலேயே ஒவ்வொரு கடலுக்கும் ஆண்டில் பாதிக்காலம் ஓய்வு கிடைத்தது. அது எங்கள் அறிவால் விளைந்தது என்று பெருமை பேச மாட்டேன். பாய்மரத்தால் அந்தக் காற்றை எதிர்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இயந்திரம் வந்ததும் காற்று போட்ட தடை நீங்கியது. அந்த இடத்துக்குத்தான் பல ஆண்டுகள் கழித்து அரசு ஒரு தடையைக் கொண்டுவந்து வைத்தது. காற்று படிப்படியாகத் தணிந்து, படிப்படியாகக் கடலைத் திறந்துவிடும். அரசாணையோ நள்ளிரவில் ஒரே கணத்தில் திறந்துவிடுகிறது.

ஏன் எல்லோரும் அன்றே ஓட வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, இயந்திரம் பிரித்துப் பூட்டி, வலை புதிதாகப் பின்னி இறக்குவதற்குள் லட்சங்கள் கரைந்துவிடுகின்றன. குடும்பத்துக்கு வரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதில் இரண்டு மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அடங்கினாலே பெரிது. மீதிக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறோம். முன்பணம் கொடுத்தவருக்கே மீன், அவர் சொல்வதே விலை. அவர் ஜூன் 15 அன்று கரையில் காத்து நிற்கிறார். எல்லாப் படகும் ஒன்றாக வந்து இறக்கும் அந்தக் காலையில் இறால் விலை விழுவதைப் பார்த்து ஆண்டுதோறும் கொதிக்கிறோம், கூடிப் பேசுகிறோம், சில ஆண்டுகளில் வேலைநிறுத்தம்கூடச் செய்கிறோம். வரத்து ஒரே நாளில் குவிந்தால் விலை விழும் என்பதைச் சந்தையில் தக்காளி விற்பவரும் அறிவார். வியாபாரியின் கையில் அந்த ஆயுதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நாமே.

நண்டைப் பற்றித் தனியே ஒரு சொல். நீலக்கால் நண்டின் பெட்டை வயிற்றுமடலுக்கு அடியில் முட்டைகளைச் சுமந்து திரியும். முதலில் அந்தத் திரள் மஞ்சளாக, மஞ்சள்கருவைப் பிழிந்து அப்பியதுபோல் இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பேறி, கடைசியில் கரும்சாம்பல் நிறமாகும். கறுத்த முட்டையோடு வரும் நண்டு, இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கடலில் விட்டிருக்கும். கூடத்துக்கு வந்ததும் அந்த முட்டைத் திரளைக் கட்டைவிரலால் வழித்துத் தரையில் எறிந்துவிட்டுத்தான் நண்டை நிறுத்தார்கள். நானே வழித்திருக்கிறேன். முட்டைக்கு எடை இல்லை, விலை இல்லை. அடுத்த ஆண்டு நண்டு குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டே அந்தத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம்.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். ஜூன் 15 தொடங்கி இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் படகுகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு தொழில் நாளுக்கு ஒரு பங்கு என்று முறை வைத்து அனுப்புங்கள். எந்தப் பங்கு முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். முறை வராத படகின் ஆட்களுக்கு அந்த நாட்களில் சங்க நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவாவது கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இது படகு உரிமையாளரின் ஏற்பாடாக மட்டும் நின்றுவிடும், வருமானத்தில் பங்குக்குப் போகும் தொழிலாளி பட்டினி கிடப்பார். அதே வாரங்களில் கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கும் முன் மடியின் வால்பக்கப் பையைச் சங்கத்து ஆட்களே விரித்துப் பார்க்கட்டும். 40 மில்லிமீட்டர் சதுரக் கண் என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருவதில் ஒரு பொருள் இருக்கிறது. நம் வழக்கமான சாய்சதுரக் கண்ணை இரு முனையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், கண் மூடிக் கயிறுபோல் ஆகிவிடும். கடலில் இழுபடும்போதும் அதுதான் நடக்கிறது. அளவுகோலில் பெரியதாக இருக்கும் கண் தண்ணீருக்கடியில் கொசுவலையாகிவிடுகிறது. சதுரக் கண் இழுத்தாலும் திறந்தே நிற்கும், குஞ்சு வெளியேறும். இன்னொன்று, கறுத்த முட்டை நண்டைத் தளத்திலேயே உயிரோடு கடலில் விட்டுவிடுவது. அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டு வாரம் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆனால் மூன்று மாதம் கேட்டால் நீங்கள் இந்த மடலை இரண்டாம் பத்தியோடு மடித்து வைத்திருப்பீர்கள்.

நாம் விட்டால் அடுத்த ஊர்க்காரர் அள்ளிக்கொண்டு போவார் என்பது அடுத்த கேள்வி. நியாயமான அச்சம். அதனால்தான் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என எல்லாத் துறைமுகச் சங்கங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இது நடக்காத காரியமன்று என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1970களில் விசைப்படகும் நாட்டுப்படகும் கடலில் மோதி, வலைகள் அறுந்து, ஊர்கள் பகையாகி நின்றபோது, திங்கள், புதன், சனி மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு முறை வந்தது. அன்று அதை ஏற்றவர்களுக்கும் கடன் இருந்தது, அடுத்த ஊரைப் பற்றிய சந்தேகம் இருந்தது. மீறல்கள் இல்லாமலில்லை. ஆனாலும் இன்றுவரை வடகடலில் தொழில் நாள் என்றால் அந்த மூன்று நாள்தான். வாரத்தை நம் மூத்தவர்கள் பங்கிட்டார்கள். நான் கேட்பது ஒரு பதினைந்து நாளைப் பங்கிடச் சொல்லி.

அக்கரையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தடை முடிந்த நாட்களில் இந்தப் பக்கத்துக் கடலை இரண்டே பாட்டில் வழித்துவிட்டு, மீன் தேடி எல்லைக்கோட்டைத் தாண்டுகிறோம். பிறகு கைது, படகு பறிமுதல், உறவினர்களின் சாலை மறியல். இலங்கை 2017-இல் அடித்தரை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலையை இழந்து நிற்பவர் நம் மொழியே பேசும் சிறுதொழில் மீனவர். கச்சத்தீவு குறித்த உரிமை வழக்குகளும் அரசியலும் அவற்றின் வழியில் நடக்கட்டும். நம் பக்கத்தில் மீன் தங்கினால் தாண்ட வேண்டிய அவசியம் குறையும் என்பது எந்த ஒப்பந்தத்துக்கும் காத்திருக்க வேண்டாத கணக்கு.

ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017-இல் ஒரு திட்டம் வந்ததை மறக்கவில்லை. 80 லட்சம் ரூபாய்ப் படகு, அதில் 70 விழுக்காடு மானியம், இழுவை மடியை ஒப்படைத்துவிட்டுச் சூரை மீனுக்குத் தூண்டில் போடலாம் என்றார்கள். மாலை போய்க் காலை திரும்பிப் பழகியவரிடம் வாரக்கணக்கில் தங்கல் போகச் சொல்வது, நெசவாளரைத் தச்சுவேலைக்கு அனுப்புவது போன்றது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு அது தலைமுறைத் தொழில், நமக்குக் கற்க வேண்டிய தொழில். கற்க விரும்பும் இளைஞர்கள் கற்கட்டும். சங்கங்கள் அவர்களுக்குத் துணை நிற்கட்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இன்னும் பல ஆண்டுகள் வடகடலில்தான் தொழில் செய்யப் போகிறோம்.

மே மாத இறுதியில், படகுகளை இறக்கும் வேலை தொடங்கும் முன், எல்லாத் துறைமுகச் சங்கங்களும் ஓரிடத்தில் கூடினால் போதும். நாட்டுப்படகுச் சங்கத்தாரையும், பங்குக்குப் போகும் தொழிலாளிகளையும், கரையில் சங்காயம் பிரிக்கும் பெண்களையும் அழையுங்கள். எந்தக் குஞ்சு எந்த வாரத்தில் எவ்வளவு வருகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் எனக்கும் தெரியாது. கூட்டம் எந்த ஊரில் என்று சொன்னால் நான் வந்துவிடுகிறேன். ஏலக்கூடத்தில் எழுதிய பழைய நோட்டுகள் சிலவற்றை வீட்டில் கரையான் ஏறாமல் வைத்திருக்கிறேன். ஜூன் மாதப் பக்கங்களுக்கு அடையாளம் வைத்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வடகடல் கரையிலிருந்து
ஒரு பழைய ஏலக்கூடக் கணக்கர்