நீ கேட்ட போத்தல் இந்தப் பொதியில் இல்லை

இல்ஃபோர்ட், லண்டன்
2025 பெப்ரவரி 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நலம். அங்கே நீ, அம்மா, அப்பா, அம்மாயி எல்லோரும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. வட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் நீ "சரி சரி" என்று வைத்துவிடுகிறாய். அதோடு நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணித்தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் இதைப் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் லீவில் கண்டிக்கு வருகிறார். பொதி அவர் கையில்தான் வருகிறது. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை, அப்பாவுக்குக் காதை மூடும் தொப்பி, அம்மாயிக்குச் சாக்லேட் (பல் இல்லாவிட்டால் என்ன, கரையும்), உனக்குச் சப்பாத்து. கீழே கறுப்பாக ஒரு பட்டி இருக்கும், அதை எறிந்துவிடாதே, பிறகு சொல்கிறேன். நீ போட்டோ எடுத்து அனுப்பிய, முடியை அடர்த்தியாக்கும் என்ற ஷாம்பும் அந்தச் சின்னப் போத்தல் எண்ணெயும் மட்டும் இல்லை.

மறந்துவிடவில்லை. கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். சேர்த்து 24 பவுண்ஸ், நம்ம காசில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. 2024 செப்டெம்பரில் கூட்டிய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதில் கணக்குப் போட்டால் அம்மாவுக்கு ஏறக்குறைய ஏழு நாள் சம்பளம். ஆனால் காசுக்குப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன் என்று கோபப்படாதே. அதைவிடக் கூடக் காசை என் தலையிலேயே கொட்டியவள் நான்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத கதை அது. 2023 செப்டெம்பரில் வந்து இறங்கினேன் இல்லையா, டிசம்பர் கடைசியில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. இந்த வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள், ஒரு குளியலறை. வடிகால் அடைத்துக்கொண்டால் யாருடைய முடி என்று பஞ்சாயத்து. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் முடி கட்டை, கேரளத்துக்காரிகள் இரண்டு பேருக்கும் சுருட்டை, இன்னொருத்தி சிவப்புச் சாயம். நீளமாக, நேராக, கறுப்பாக இருப்பது என்னுடையது மட்டும்தான். தப்பிக்க வழியே இல்லை.

எல்லோரும் தண்ணீரைத்தான் குறை சொன்னார்கள். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு நிலத்தில் ஊறி வருவது. கேத்தலை ஒரு மாதம் கழுவாமல் விட்டால் அடியில் வெள்ளையாகப் படிந்து, தேத்தண்ணியில் துகள் மிதக்கும். நம்ம பீலித் தண்ணியில் சவர்க்காரம் பட்டவுடன் நுரைக்கும், கழுவினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். இங்கே அதே தலைக்கு இரண்டு மடங்கு ஷாம்பு வேண்டும், காய்ந்தால் தும்பு மாதிரிச் சொரசொரப்பு. அது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு முடியின் மேலே படிந்து மங்க வைக்கும், சிக்கு விழ வைக்கும். என் முடியோ நுனியில் சின்ன வெள்ளை மொட்டோடு வந்தது. நீயும் பார். மொட்டோடு முழு முடியாக வந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது. மொட்டு இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் இடையில் முறிந்தது. முறிவதற்குத் தண்ணீரையும் சீப்பையும் திட்டலாம், உதிர்வதற்குக் காரணம் வேறு.

அது தெரியாமல் நான் என்னவெல்லாம் வாங்கினேன்! முதலில் ஒரு ஷாம்பு. பிறகு பயோட்டின் என்ற விற்றமின், இனிப்பு மாதிரி மெல்லும் மாத்திரை. பிறகு சொட்டுச் சொட்டாக விடும் ஒரு திரவம், அதன் விலையைக் கேட்டால் அம்மா நெஞ்சைப் பிடிப்பார். நான்கு மாதம் போனது, வடிகால் மட்டும் மாறவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு வியாழக்கிழமைகளில் சிகை அலங்காரம் செய்யும் பெண் ஒருத்தி வருவாள். பாட்டிமாருக்குத் தலை கழுவி, உருளை சுற்றி, காய வைத்து விடுவாள். காலையில் மண்டை தெரியும் பாட்டி மத்தியானம் பஞ்சு மூட்டை மாதிரிச் சிரித்துக்கொண்டு இருப்பார். "அடர்த்தி இப்படித்தான் வரும், அடுத்த தடவை கழுவும்வரை இருக்கும்" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். ஷாம்பு தலைத் தோலுக்கு, கண்டிஷனர் காது மட்டத்துக்குக் கீழே உள்ள முடிக்கு என்று காட்டித் தந்ததும் அவள்தான். நான் இரண்டையும் உச்சியில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய முடியில் உச்சியில் கண்டிஷனர் போனால் படிந்துபோய் இன்னும் குறைவாகத்தான் தெரியும்.

(அங்கே ஒரு பாட்டி நான் எந்த ஊர் என்று கேட்டார். சிலோன், தேயிலை மலை, அம்மா கொழுந்து எடுக்கிறார் என்றேன். கையில் இருந்த கோப்பையை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுவதையும் குடித்து முடித்தார். வழக்கமாகப் பாதியை மிச்சம் வைப்பவர்.)

கடைசியில் டொக்டரிடம் போனேன். இரத்தம் எடுக்கும் முன்னால் சில நாள் அந்தப் பயோட்டின் இனிப்பை நிறுத்தச் சொன்னார். அது தைரொயிட் பரிசோதனை முடிவையே பிழையாகக் காட்டிவிடுமாம். உடம்பில் பயோட்டின் குறைவு இல்லாதவருக்கு அதைத் தின்று முடி வளரும் என்பதற்கு ஆதாரமும் இல்லையாம். முடிவு வந்தது. உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு 8. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே என்றால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வந்த புதிதில் பாணும் பிஸ்கட்டும் தின்று, இரவு வேலை பார்த்து, ஏழு கிலோ இளைத்திருந்தேன். அந்தக் கணக்கைத்தான் தலை மூன்று மாதம் கழித்து என்னிடம் தந்திருக்கிறது.

டொக்டர் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. "சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பீர்களா?" நம்மிடம் கேட்கிற கேள்வியா அது! ரொட்டியும் சம்பலும் ஒரு கை, பிளேன்டீ ஒரு கை. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைக்குமாம். குடிக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடச் சொன்னார். நான் தோடம்பழச் சாற்றோடு இரும்பு மாத்திரை எடுத்தேன். மலம் கறுப்பாகப் போகும், வயிறு கட்டும், பயப்படாதே. ஓகஸ்டில் நெற்றியோரம் முழுக்கக் குருத்து விட்ட மாதிரிக் குட்டி முடி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் இப்போதும் காற்றடித்தால் கோழிக்குஞ்சு மாதிரி நிற்கிறது.

இனி உன் கதை. கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கும்போது உனக்கு டெங்கு வந்தது நவம்பரில். முடி கொட்டுகிறது என்று நீ அழுதது இந்த மாதம். விரல் விட்டு எண்ணிப் பார். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து, பிறகு விழும். பெரிய காய்ச்சல், பிள்ளைப்பேறு, பட்டினி மாதிரி ஒன்று வந்தால் ஒரே நேரத்தில் நிறைய முடி ஓய்வுக்குப் போய்விடும். அதெல்லாம் சேர்ந்து இப்போது விழுகிறது. வேர் சாகவில்லை. பொதுவாக ஆறு மாதத்துக்குள் இது தானாக அடங்கும். எல்லோருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழும், நீ வாரத்துக்கு ஒரு நாள் தலைக்குக் குளித்தால் ஏழு நாள் முடியையும் ஒன்றாகப் பார்க்கிறாய், அவ்வளவுதான். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், காசளவு வட்டமாகச் சொட்டை விழுந்தால், தோல் சிவந்து எரிந்தால் சும்மா இருக்காதே.

அந்த ஷாம்புக்கு வருகிறேன். பொருட்கள் பட்டியலில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், இந்த நாட்டில் அது சட்டம். முதலில் தண்ணீர், அடுத்து சோடியம் லோரெத் சல்பேட் என்ற நுரைக்கும் பொருள். என் பையில் நம்ம தோட்டத்துக் கடையில் வாங்கிய ஷாம்பு பைக்கட் ஒன்று இன்னும் கிடக்கிறது, எடுத்துப் பார்த்தேன், அதிலும் முதல் இரண்டும் அதேதான். எண்ணெய்ப் போத்தலில் முன்னால் பெரிதாக ஏதோ மூலிகைப் படம், பின்னால் முதல் பெயர் சூரியகாந்தி எண்ணெய். தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு அதற்கா காசு?

தேங்காய் எண்ணெய் பூசு என்று அம்மாயி சொன்னதை நாம் எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்போம்! 2003இல் இந்தியாவில் செய்த ஒரு ஆய்வில் மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிப் பார்த்தார்கள். முடியின் புரதம் கழுவலில் போகாமல் காத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அது முடிக்குள் ஊறிப்போகிறது என்பதால். ஆகவே குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் நுனி வரை தடவு. முறிவது குறையும். புதிதாக முளைக்க வைக்கும் என்று மட்டும் நம்பாதே. பொடுகு இருந்தால் தலைத் தோலில் ஊறப் போடாதே, பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு. மார்கழியில் மஸ்கெலியாவில் எண்ணெய் கட்டிபட்டுப் போய் அடுப்போரம் வைப்போமே, இங்கே வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான். நான் ஹீட்டர் மேல் வைக்கிறேன். மணம் வந்ததும் வீட்டு ஞாபகமும் வந்துவிடும்.

மேல் லயத்துச் சித்தி, தலையில் பூசும் முடி மருந்து மினொக்ஸிடில் வாங்கி அனுப்பக் கேட்டாராம். அது பொய் மருந்து இல்லை. வகிடு அகலமாகி மெலிந்து போகிற வகைக்கு வேலை செய்யும். ஆனால் பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், தொடக்கத்தில் கூடவே உதிரும், நிறுத்தினால் வந்ததும் போய்விடும். கைப்பிள்ளைக்குப் பால் கொடுப்பவர் அதைத் தொடக் கூடாது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லு.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போ. இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லு, ஃபெரிட்டின் பார்க்க முடியுமா என்றும் கேள். பார்க்காமல் நீயாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதே. நெத்தலிக் கருவாடு, முட்டை, பருப்பு, கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி. இதற்கு மேல் எனக்குத் தெரிந்த முடி வைத்தியம் இல்லை.

பொங்கலன்று நீ அனுப்பிய படத்தில் அம்மா தலையில் துணி இல்லாமல் நிற்கிறார். நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்காக முடியே இல்லை. சின்ன வயதில் எல்லா அம்மாமாருக்கும் நெடுக்கு வகிடு ஒன்று, குறுக்கு வகிடு ஒன்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கூடைக் கயிறு நிற்கிற இடம் அது. பதினைந்து இருபது கிலோவை வருஷக்கணக்காக அந்த ஒரே கோட்டில் இழுத்தால் வேர் என்ன செய்யும்? கொஞ்ச நாள் இழுப்பு என்றால், விட்டதும் முளைக்கும். நெடுநாள் ஆனால் தழும்பாகி மூடிவிடும். அம்மாவுக்கு எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரங்களில் பூனைமுடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து எழுது.

அந்தக் கறுப்புப் பட்டி ஒரு பழைய முதுகுப் பையினுடையது. உள்ளே பஞ்சு வைத்த நான்கு விரல் அகலப் பட்டி, இரண்டு முனையையும் நானே மடித்துத் தைத்திருக்கிறேன். தையல் கோணல்தான். கோணி ஊசி எடுத்து, கூடைக் கயிறு தலையில் படுகிற இடத்தில் வைத்துத் தை. கொஞ்சம் தளர்வாகத் தைத்தால் ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று தள்ளி வைக்கலாம். அம்மா வேண்டாம் என்பார், மலையில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தைத்துவிடு.

அன்புடன்,
உன் அக்கா